நின்றுகொண்டு மாவு பிசைய முடியாது

நான் மை விற்றுப் பிழைத்தவன். நாகப்பட்டினத்தில் ஒரு சின்னக் கம்பெனி. கறுப்பு மை, நீல மை, சிவப்பு மை, பேனாக்கட்டை, சிலேட்டுக்குச்சி. இவற்றின் மாதிரிகளை ஒரு தகரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்க வேண்டும். மாதத்தில் இருபது நாள் ரயிலிலும் சத்திரத்திலும் போய்விடும். பெயர் சவரிராயன். ஊர் ஊராக மை விற்றேன் என்று நான் சொல்வேன். ஊர் ஊராகத் தின்றேன் என்று என் மனைவி சொல்வாள். இரண்டாவதுதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது.

திருச்சிராப்பள்ளிக்கு நான் முதலில் வந்தது 1931-இல். ரயிலை விட்டு இறங்கியதும் சண்டை. ஜங்ஷனுக்கு எதிரே ஒரு காபி கிளப்புக்குள் நுழைந்தேன். நடுவில் மரப்பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர். பரிமாறுகிறவர் என் வேட்டியையும் பெட்டியையும் மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க என்ன ஜாதின்னு சொன்னா, எந்தப் பக்கம் உக்காரணும்னு சொல்லிடுவேன்."

"பசிச்ச ஜாதி. அதுக்கு எந்தப் பக்கம்?"

அவர் வாசலைக் காட்டினார். எனக்குப் பசி போய்விட்டது. பலகைத் தடுப்பு வைத்த எந்தக் கிளப்பிலும் இனி ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று தெருவில் நின்றபடியே சத்தியம் செய்தேன். எனக்குக் கோபம் வந்தால் சத்தியமும் கூடவே வந்துவிடும். அப்படிச் செய்த சத்தியங்களில் நான் கடைசிவரை காப்பாற்றியது இது ஒன்றுதான். அந்தக் காலத்தில் தடுப்பு இல்லாத கிளப் அபூர்வம். ஆகவே தெருவில் என்ன கிடைக்கிறதோ அதைத் தின்றேன்.

அந்தக் கிளப்காரர் மகராசன், நன்றாக இருக்கட்டும். அவர் துரத்தாமல் இருந்திருந்தால் நான் வருஷக்கணக்காக இட்லியைத் தின்றுவிட்டு இந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருப்பேன். பாலக்கரையில் எங்கள் மாதா கோயில் பூசை முடிந்து வருகிறவர்களுக்காக ஒருத்தி கேழ்வரகுப் புட்டு அவிப்பாள். வெல்லமும் தேங்காய்ப்பூவும் போட்டு வாழை இலையில் தருவாள். உறையூர் தறிக்காரர்கள் குடிக்கும் கம்பங்கூழை நானும் அவர்கள் வரிசையில் குந்தி உட்கார்ந்து, மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு குடித்தேன். நத்தர்வலி தர்காவின் பக்கத்தில் நோன்பு மாதத்தில் கஞ்சி ஊற்றுவார்கள். ஏனத்தை நீட்டினால் போதும், யார் என்று கேட்கமாட்டார்கள். ஸ்ரீரங்கம் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர், மைப்பாட்டில் ஒழுகாமல் வந்து சேர்ந்த சந்தோஷத்தில், கோயிலிலிருந்து செல்வரப்பம் என்னும் பிரசாதம் வாங்கி வந்து கொடுத்தார். எங்கள் பங்குச் சாமியார் கேட்டிருந்தால் திட்டியிருப்பார். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்படித் தின்றுகொண்டே போனவன்தான் ரோஷன் பேகத்திடம் போய்ச் சேர்ந்தேன்.

அன்று கலீல் என்பவருடைய ஜட்காவில் ஸ்ரீரங்கம் போய்க்கொண்டிருந்தேன். காவேரிப் பாலத்தைத் தாண்டி மாம்பழச்சாலையில் வண்டி நின்றது. "அஞ்சு நிமிஷம் சார். குதிரைக்குப் புல்லு, எனக்கு ரொட்டி" என்று கலீல் இறங்கிவிட்டார். ஏழெட்டு வண்டிக்காரர்கள் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்தார்கள். மூன்று கல் அடுப்பு, அதன்மேல் வளைந்த இரும்புத் தவா, பக்கத்தில் ஈரத்துணி மூடிய மாவு, ஒரு மரப்பலகை. வெள்ளைப் புடவை முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகியிருந்த ஒரு பெண் கோணியில் உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்கை நெடுகச் சூட்டுத் தழும்பு.

கட்டை உருட்டவில்லை. உருண்டையை இரண்டு கைகளுக்கு நடுவே மாற்றி மாற்றித் தட்டினாள். தட்டத் தட்ட அது அகன்றது. தவாவில் ஒரு பக்கம், மறுபக்கம், பிறகு இடுக்கியால் எடுத்து நேராகத் தணலில் போட்டாள். அது குப்பென்று பந்தாக உப்பியது. நான் கோதுமையை அதுவரை ஜுரக்காரனுக்கான கஞ்சியாகத்தான் அறிந்தவன். உப்பிய ரொட்டியைப் பிளந்து, திருவானைக்கோயில் இடையர் வீட்டு வெண்ணெயைக் கட்டைவிரலால் வழித்துத் தடவி, மேலே சர்க்கரை தூவி நீட்டினாள். முதல் ரொட்டியை நின்றுகொண்டு தின்றேன். இரண்டாவதுக்கு உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாவது முடிந்தபோது அவள், "பெட்டியில என்ன?" என்று கேட்டாள்.

"மை."

"அப்ப மைக்காரரே, குதிரை கிளம்புது. மிச்சத்தை நாளைக்குத் தின்னலாம்."

அதற்குப் பிறகு நான் அவளுக்கு மைக்காரர்; அவள் எல்லாருக்கும்போல எனக்கும் பேகம்மா. மாதாமாதம் திருச்சிக்கு வரும்போதெல்லாம் அங்கே போய் உட்காருவேன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் கதை தெரிந்தது. அவள் புருஷன் பட்டாளத்துச் சிப்பாய். ஜபல்பூரில் பட்டாள லைன் வீட்டில் இருந்தபோது பஞ்சாபிச் சிப்பாய்களின் பெண்டாட்டிமார்கள் ரொட்டி தட்டக் கற்றுக்கொடுத்தார்கள். "முதல் ஆறு மாசம் நான் தட்டினதைப் பார்த்துச் சிரிச்சாங்க. அப்புறம் வாங்கித் தின்னாங்க" என்பாள். முதல் யுத்தத்தில் பஸ்ராவுக்குப் போனவன் அங்கேயே செத்துப்போனான். திருச்சிக்குத் திரும்பி அண்ணன் முகம்மது கனி வீட்டில் பதின்மூன்று வருஷம் அடுப்படியில் இருந்தாள். எல்லாருக்கும் ஆக்கிப்போட்டுக் கடைசியில் சாப்பிட்டாள். ஒரு நாள் மருமகப்பிள்ளைகள் முன்னால் அண்ணன், உட்கார்ந்து தின்கிறவள் என்று ஏதோ சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே தவாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஒரே மாதத்தில் திரும்பி வருவாள் என்று அவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இவள் கலீலின் குடிசைக்குப் பக்கத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, மாம்பழச்சாலையில் அடுப்பை மூட்டினாள். நான் அவளை முதலில் பார்த்தபோது அந்த ஒரு மாதம் முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

1934 கார்த்திகையில் நான் வந்தபோது சாலைக்கு எதிர்ப்புறம் புளியமரத்தடியில் ஒருவர் நிற்பதைக் கவனித்தேன். நெற்றியில் திருமண், குடுமி, தோளில் ஈரத் துண்டு. அடுத்த நாளும் நின்றார். பார்வை ரொட்டியின்மேல் இல்லை, பேகம்மாவின் கைமேல் இருந்தது.

"அது தேசிகாச்சாரி. ஸ்ரீரங்கத்துல கல்யாணத் தளிகைன்னா அவர்தான்" என்றார் கலீல். "அவர் அக்காரவடிசல் பண்ணினா பக்கத்துத் தெருவுல பசிக்கும். முந்தாநாள் என்கிட்ட ரகசியமா சொல்லி அனுப்பினார், இந்த ரொட்டி எப்படிப் பண்றதுன்னு கேட்டுச் சொல்லுங்கன்னு."

"சொன்னீங்களா?"

கலீல் பேகம்மாவைப் பார்த்தார். அவள் தணலை ஊதிக்கொண்டே, "கேக்கணும்கிறவரு வந்து கேக்கட்டும். நான் என்ன திருட்டுச் சாமானா விக்கிறேன், ஆள் விட்டு விசாரிக்க?" என்றாள்.

அந்த மனிதர் வரவில்லை. புளியமரத்தடியை விட்டுப் போகவும் இல்லை. அவருக்கும் ஒரு பலகைத் தடுப்பு இருந்தது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. நான் அவரை மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

மூன்றாம் நாள் பிச்சைமுத்து வந்தார். சாலையோரக் கடைகளுக்குத் தரைவாடகை வசூலிக்கும் குத்தகையை எடுத்திருந்தவர். கதர் ஜிப்பா, கையில் குடை, பேச்சில் எப்போதும் அடுத்தவர் நன்மை.

"பேகம்மா, மார்கழி பொறக்கப் போவுது. வைகுண்ட ஏகாதசிக்குச் சீமை பூரா இந்த வழியாத்தான் வரும். நீங்க பாலத்துக்கு அந்தப் பக்கம், சிந்தாமணியில போய் உக்காருங்க. திருநாள் மட்டும்னு இல்ல, இனிமே அங்கயே இருந்துக்கங்க."

"ஏன்?"

"கோயிலுக்குப் போற வழி. சுத்தமா இருக்கணுமில்ல?"

பேகம்மா தன் பலகையைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள். "எது அசுத்தம்னு விரலால தொட்டுக் காட்டுங்க" என்றாள்.

"அட, மாவைச் சொல்லலைம்மா. இது வந்து... உங்க ஆளுங்க ரொட்டி. இங்க வர்றவங்க பெருமாளைச் சேவிக்க வர்றவங்க. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கிட்டுச் சொல்லலை. நாலு பேர் சொல்றாங்க, அதுக்குத்தான்."

அவள் தவாவிலிருந்த ரொட்டியை எடுத்துத் தணலில் போட்டாள். அது உப்பியது. இடுக்கியோடு அதைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"இதே ரொட்டியும் வெண்ணெயும் உங்க பெருமாளுக்குத் தினம் காலையில வைக்கிறாங்களே, அவரையும் சிந்தாமணிக்குப் போகச் சொல்வீங்களா?"

பிச்சைமுத்து சிரித்தார். "ரங்கநாதருக்கு ரொட்டியா? யாரோ உங்களை நல்லாக் கேலி பண்ணியிருக்காங்க."

"கேலி இல்லைங்க. டில்லி சுல்தான் மக உங்க சாமிமேல ஆசைப்பட்டு இங்கவரைக்கும் வந்தாளாம். உள்ள அவளுக்கு ஒரு இடம் கொடுத்திருக்காங்க. துலுக்க நாச்சியார்னு பேரு. அவளுக்காக அவர் ரொட்டி சாப்பிடறார். வண்டியில ஏறுற ஐயமாருங்க பேசிக்கிட்டு வர்றதை இவங்கல்லாம் கேட்டிருக்காங்க."

வண்டிக்காரர்கள் ஆமாம் என்றார்கள். பிச்சைமுத்து இல்லவே இல்லை என்றார். நான் பாய்ந்து, "இருக்கு, வாத்தியார் சொல்லியிருக்கார்" என்றேன். அந்த வாத்தியார் அப்படி எதுவும் சொன்னதில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. பேகம்மாவும் நானும் கோயிலுக்குள் போகமுடியாதவர்கள். பிச்சைமுத்து வருஷத்துக்கு ஒரு நாள் கூட்டத்தோடு தள்ளப்பட்டு உள்ளே போய் வெளியே வருகிறவர். அதிகாலையில் உள்ளே என்ன படைக்கிறார்கள் என்று எங்கள் மூவரில் ஒருவரும் பார்த்ததில்லை. நடுச்சாலையில் நின்று அதற்காகத் தொண்டை கட்டக் கத்தினோம்.

பிச்சைமுத்துவின் கண்ணில் புளியமரத்தடி பட்டது. "தெரிஞ்சவரையே கேட்டுடுவோம்" என்று கையைத் தட்டினார். "சுவாமி, கொஞ்சம் இப்படி வாங்க. இந்த அம்மா நம்ம பெருமாளுக்குத் துலுக்க ரொட்டி படைக்கிறாங்கன்னு சொல்லுது. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

தேசிகாச்சாரி சாலையைக் கடந்து வந்தார். அடுப்புக்குப் பத்தடி தள்ளி நின்றார். இவர் என்ன சொல்வார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன். என் கணக்கு தப்பியது.

"இல்லைன்னு எப்படிச் சொல்றது? உண்டே" என்றார். "நாச்சியாருக்காகப் பெருமாள் ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்றார். அந்த அம்மா சொல்றது வாஸ்தவம்."

பிச்சைமுத்துவின் குடை தரையில் ஊன்றிக்கொண்டது. "அதுக்காக, இந்த ரொட்டியும் அந்த ரொட்டியும் ஒண்ணாயிடுமா?"

"அதைத்தான் நானும் தெரிஞ்சுக்கணும்" என்றார் தேசிகாச்சாரி. இன்னும் இரண்டடி வந்தார். "அம்மா, எங்க ஆத்துக்காரி ஆறு மாசம் படுத்த படுக்கையா இருந்தா. எழுந்து நடந்தா நம்மாத்துப் பெருமாளுக்கு ரொட்டி அமுது பண்றதா நாச்சியார்கிட்ட வேண்டிண்டா. எழுந்துட்டா. நடக்கறா. எனக்குத்தான் ரொட்டி வரலை. நாலு தரம் பண்ணிப் பார்த்தேன். கையில ஒட்டறது, இல்லாட்டா வரட்டியாப் போறது. ஆயிரம் பேருக்குத் தளிகை பண்றவன் நான். இதை யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

"மாவுக்கு என்ன தண்ணி ஊத்தினீங்க?"

"நன்னாக் கொதிக்கறதைத்தான். கொழுக்கட்டை மாவுக்கு ஊத்தறாப்பல."

வண்டிக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். பேகம்மா சிரிக்கவில்லை. ஜபல்பூரில் தன்னைப் பார்த்துச் சிரித்தவர்களை அவள் மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

"அரிசிக்குப் பண்றதைக் கோதுமைக்குப் பண்ணியிருக்கீங்க. கோதுமை வெந்நியைக் கண்டா வீம்பு பிடிச்சுக்கும். கை பொறுக்கிற சூடு போதும். பிசைஞ்சு, மூடி, ஒரு நாழியாவது சும்மா விடணும். சொன்னா வராது, கையால பிசைஞ்சு பாக்கணும்." ஒரு பிடி மாவை அள்ளிச் சட்டியில் போட்டு அவர் பக்கம் தள்ளினாள். "உக்காருங்க."

"இருக்கட்டும். நின்னுண்டே பார்த்துக்கறேன்."

"நின்னுக்கிட்டு மாவு பிசைய முடியாதுங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. தேசிகாச்சாரி சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது. அதில் இருப்பவர்கள் அவரைத் தெரிந்தவர்களாகக்கூட இருக்கலாம். வண்டி எங்களைக் கடக்கும்வரை காத்திருப்பார் என்று நினைத்தேன். அதற்கு முன்பே வேட்டியை மடித்துக்கொண்டு அந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். கையை மாவில் வைத்தார்.

நல்ல சமையல்காரன் கை. இரண்டே நிமிஷத்தில் பிடித்துக்கொண்டது. பேகம்மா ஒரு தடவைகூட அவர் கையைத் தொடவில்லை. வாயால் சொன்னாள், தன் கையால் செய்து காட்டினாள். மாவு ஊறிய பிறகு அவர் தட்டிய மூன்றாவது ரொட்டி தணலில் முக்கால்வாசி உப்பியது. அவர் முகத்தில் வந்த சந்தோஷம் எந்தக் கல்யாணப் பந்தியிலும் வந்திருக்காது.

எழுந்ததும் மாவு ஒட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் தயங்கினார். பேகம்மாவே சொன்னாள். "காவேரி பக்கத்துலதான் இருக்கு. முழுகிட்டுப் போங்க, நான் ஒண்ணும் நினைச்சுக்கமாட்டேன்." அவர் தலையை ஆட்டிவிட்டுப் படித்துறைக்குப் போனார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கற்றுக்கொடுத்தவள் தீட்டா என்று ஆரம்பித்தேன். அவள் கையமர்த்தினாள். "அவர் வழக்கம் அவருக்கு. நான் அவரை மாத்தச் சொல்லலை மைக்காரரே. எதிர்க்க வந்து கேக்கச் சொன்னேன், கேட்டுட்டார்."

பிச்சைமுத்து இத்தனையையும் பார்த்துக்கொண்டு நின்றார். தோற்ற மனிதருக்கு வரும் கோபம் அவருக்கு வந்துவிட்டது. "மார்கழி ஒண்ணாந்தேதி ஆளோட வரேன். அடுப்பு இங்க இருந்தா கல்லை ஆத்துல போட்டுட்டுப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் போன பிறகு அவள் மாவை மூடினாள். மூடிய துணியை எடுத்துவிட்டு மறுபடியும் மூடினாள்.

"பயமா இருக்காம்மா?"

"இருக்காதா? இந்த மூணு கல்லு போச்சுன்னா நான் அண்ணன் வீட்டு அடுப்படிக்குத்தான் போகணும். அவர் வாசல்லயே உக்காந்திருக்கார், நான் எப்ப வருவேன்னு." தணலைச் சாம்பலால் மூடினாள். பிறகு, "சிந்தாமணிக்குப் போனா வயிறு ரொம்பிடும். ஆனா என் கை அசுத்தம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். போகமாட்டேன்" என்றாள்.

நான் கரூருக்குப் போகவேண்டியவன். போகவில்லை. கம்பெனிக்குக் காய்ச்சல் என்று கார்டு எழுதிப் போட்டேன். ஆத்திரமும் ஒருவகைக் காய்ச்சல்தானே.

மார்கழி முதல் நாள் விடிந்து வெளிச்சம் வந்ததும் மாம்பழச்சாலைக்குப் போனேன். பேகம்மா அடுப்பை மூட்டி வழக்கம்போல் மாவை மூடி வைத்திருந்தாள். என் தகரப்பெட்டியை அடுப்பருகே போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். ஏதாவது நடந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியாது. மையை ஊற்றியிருப்பேனோ என்னவோ. வண்டிக்காரர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பிச்சைமுத்துவும் கடப்பாரையோடு இரண்டு ஆட்களும் பாலத்துப் பக்கத்திலிருந்து வந்தார்கள்.

"எழுந்திரிங்க பேகம்மா."

"ரொட்டி வேணும்னா சொல்லுங்க, எழுந்திரிக்கிறதுக்கு இல்ல."

ஆள் ஒருவன் கடப்பாரையை அடுப்புக் கல்லுக்கு அடியில் கொடுக்கக் குனிந்தான். அப்போது ஸ்ரீரங்கத்துப் பக்கத்திலிருந்து தேசிகாச்சாரி வேகமாக வந்துகொண்டிருந்தார். கையில் வாழை இலை மூடிய பித்தளைத் தட்டு. நெற்றியில் திருமண் இன்னும் ஈரம். யாரையும் பார்க்காமல் நேரே வந்து, அடுப்பை ஒட்டியிருந்த மரப்பலகையின்மேல் தட்டை வைத்து இலையை நீக்கினார். நாலு ரொட்டி, ஒரு உருண்டை வெண்ணெய், ஒரு கொத்துத் துளசி.

"எங்காத்துப் பெருமாள் கண்டருளின பிரசாதம். பதம் சரியா இருக்கான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

பேகம்மா கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "படைச்சதைச் சாப்பிட எங்க மார்க்கத்துல இடமில்லீங்க" என்றாள். அவர் அதை எதிர்பார்த்திருக்க வேண்டும், முகம் மாறவில்லை. அவள் ஒரு ரொட்டியை எடுத்தாள். மடித்துப் பார்த்தாள், விரிசல் விடவில்லை. பிய்த்தாள், இரண்டு ஏடாகப் பிரிந்தது. மோந்து பார்த்தாள். கோயிலுக்குப் போகிற வழியில் நின்றுவிட்ட கூட்டம் பரீட்சை முடிவுக்குப்போலக் காத்திருந்தது.

"ஒரு குறையும் இல்ல" என்றாள்.

கடப்பாரைக்காரன் குனிந்தவன் அப்படியே இருந்தான். கல்லைப் பெயர்த்தால் அதன்மேல் ஒரு முனை ஏறியிருக்கும் பலகை சரியும், பலகை சரிந்தால் பிரசாதம் தரையில் விழும். அவன் பிச்சைமுத்துவைப் பார்த்தான். பேகம்மாவும் அதைக் கண்டுகொண்டாள். கையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எடுங்க. சாமி பிரசாதம் சிந்தாம என் கல்லை மட்டும் எடுக்க முடிஞ்சா எடுத்துக்கங்க."

"சுவாமி, தட்டை எடுங்க" என்றார் பிச்சைமுத்து.

"வச்சாச்சு. அந்த அம்மாவுக்குன்னு கொண்டுவந்தது. எடுத்துண்டு போகமாட்டேன்" என்றார் தேசிகாச்சாரி. அவரும் அசையவில்லை. அவர் தெரிந்துதான் தட்டை அங்கே வைத்தாரா என்று பிற்பாடு பலமுறை கேட்டிருக்கிறேன். வேறு இடம் இல்லை, வைத்தேன் என்பார். அந்தப் பலகை ஒரு முழ அகலம். நான் எழுந்தால் பக்கத்தில் என் பெட்டி இருந்தது, எதிரே வண்டித்தட்டு இருந்தது. அவர் சொல்வதை நான் நம்பவில்லை.

ஆட்கள் இருவரும் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்துப் பிச்சைமுத்துவும் செருப்பைக் கழற்றினார். வேறு வழியில்லை, நாலு பேர் பார்க்கிறார்கள். அவர் எப்போதும் சொல்லும் அந்த நாலு பேர் அன்றைக்கு நாற்பது பேராக நின்றார்கள். திருநாள் முடியட்டும், பேசிக்கொள்ளலாம் என்று முனகிவிட்டுப் போனார்.

அந்தத் தட்டு மத்தியானம்வரை அங்கேயே இருந்தது. பேகம்மா பண்ணியதைத் தேசிகாச்சாரி சாப்பிடமாட்டார். அவர் பண்ணியதை இவள் சாப்பிடமாட்டாள். இரண்டையும் தின்னக்கூடிய வாய் என் ஒருவனுடையது. இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். அதில் ஒரு வாய், இதில் ஒரு வாய் என்று தின்றேன். எது உசத்தி என்று கேட்டார்கள். மை விற்கிறவன் பொய் சொல்லத் தயங்கமாட்டான், ஆனாலும் அன்று உண்மையைச் சொன்னேன். இருட்டில் கொடுத்தால் எனக்கு வித்தியாசம் தெரியாது என்றேன்.

திருநாள் முடிந்து பிச்சைமுத்து பேச வரவில்லை. தரைவாடகைச் சீட்டை ஆள் மூலம் அனுப்பினார். அவள் அந்த இடத்திலேயே இருந்தாள். முகம்மது கனி வாசலில் காத்திருந்தே செத்துப்போனார். மௌத்துக்குப் போய் அழுதுவிட்டு, மறுநாள் வந்து அடுப்பை மூட்டினாள்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். அடுத்த யுத்தம் வந்தது. பர்மா அரிசி நின்றது. 1944-இல் ரேஷன் கார்டுக்கு அரிசியைக் குறைத்துக் கோதுமையைத் தலையில் கட்டினார்கள். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் வீட்டுக்கு வீடு பெண்கள் அதில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றிக் களி கிண்டிக் கண்ணீர் விட்டார்கள். மாம்பழச்சாலை அடுப்புக்கு முன்னால் சட்டியும் கையுமாகக் கூட்டம். அக்கிரகாரத்திலிருந்தும் வந்தார்கள், பாலக்கரையிலிருந்தும் வந்தார்கள். தலை நரைத்துப்போன பேகம்மா எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான் சொல்வாள்: உட்காருங்க.

ஒரு நாள் நான் அங்கே இருந்தபோது ஒரு நடுத்தர வயதுப் பெண் வந்து சட்டியை வைத்தாள். உள்ளே பிசுபிசுவென்று மாவு. தன் பெயர் இருசம்மாள் என்றாள்.

"வெந்நி ஊத்தினீங்களா?"

"ஆமாங்க. எங்க வீட்டுல அவருக்கு ராத்திரிக்குச் சோறு பத்தலை. இந்த ரொட்டிதான் வேணும்கிறார். நான் பண்ணினா தட்டைத் தள்ளிவிடறார்."

"அவர் எங்க?"

இருசம்மாள் திரும்பிப் பார்த்தாள். சாலைக்கு எதிரே அதே புளியமரத்தடியில் குடையோடு ஒருவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். ஜிப்பா தொளதொளத்திருந்தது. அவரைப் பார்த்ததும் என் வாயில் நிறைய வார்த்தைகள் வந்து முட்டின. பேகம்மா என்னைப் பார்த்த பார்வையில் எல்லாவற்றையும் விழுங்கினேன்.

"தின்னணும்கிறவரு வந்து கேக்கட்டும். கூப்பிடுங்க."

பிச்சைமுத்து வந்தார். பத்து வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில் வந்து நின்றார். குடையை மடக்கினார். கலீலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வரிசையில் சட்டியோடு உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தார். ஒருவரும் அவருக்கு உதவிக்கு வரவில்லை. பெண்டாட்டிக்குப் பக்கத்தில் மெதுவாக முழங்காலை மடக்கினார்.

"இருங்க" என்றாள் பேகம்மா. பலகைக்கு அடியிலிருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். "முதல்ல கையைக் கழுவுங்க. கோயிலுக்குப் போற வழி, சுத்தமா இருக்கணுமில்ல?"

பிச்சைமுத்து இரண்டு கைகளையும் முழங்கைவரை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.